திருஷ்டிப் பொட்டு

வீட்டில் உட்கார்ந்துகொண்டே விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி ஊருக்குள் நல்ல அபிப்பிராயம் கிடையாது. சகாயராணிக்கும் அது தெரியும். நாற்பத்து மூன்று வயதுக்காரி, திண்டுக்கல்லில் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைகிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு வந்து குழம்பை இறக்கி வைத்ததும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மேகத்துக்கு மேலே போய்விடுகிறாள் என்றால் தெரு என்ன சொல்லும்? மரை கழன்றுவிட்டது என்றுதான் சொல்லும். அவள் புருஷன் செங்கோல் அதைக் கேட்டுச் சிரிப்பான். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். மனைவி கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டருக்குக் கால் மிதிகளைப் பழைய பஸ்ஸின் கிளட்ச் பெடலில் செய்து கொடுத்தவனே அவன்தான்.

ஆனால் அதே தெருதான் இரண்டு வருடமாக, வத்தல் காயப் போடுவதற்கு முன்னால் அவள் ஜன்னலுக்கு வந்து நிற்கிறது.

"ராணிக்கா, மூணு மணிக்கு மேல மழை வருமான்னு ஒங்க பொட்டியில பாத்துச் சொல்லுங்க."

பெட்டிக்குள் இருந்ததற்குப் பெயர் கொண்டல். வீட்டுச் சிமுலேட்டருக்குள் நிஜ வானிலையைக் கொண்டுவருகிற மென்பொருள். முன்பு இந்த மாதிரி மென்பொருள்கள் விமான நிலையங்கள் அறிவிக்கும் வெயிலையும் மழையையும் வாங்கித் திரையில் பூசும். கொண்டலைச் செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். காற்றழுத்தத்தை அளக்கிற சில்லு ஒன்று எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. சந்தைக்குப் போகிறவளின் கூடையில் ஒன்று, கண்டக்டரின் பையில் ஒன்று, ஆடு மேய்க்கிறவன் மடியில் ஒன்று. அத்தனையிடமும் கேட்டு வாங்கி, காற்று எந்த மலையில் முட்டி எந்தச் சந்தில் திரும்பும் என்று கொண்டல் கணக்குப் போட்டது. நாற்பது நிமிடம் கழித்து என்ன ஆகும் என்பதையும் காட்டியது. திரையில் சிறுமலைக்கு மேலே மேகம் கறுத்தால் நம்பி மாடிக்கு ஓடித் துணி எடுக்கலாம்.

பொழுதுபோக்குச் சாமான் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தால் யாராவது அதை வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் விடுவார்களா? உயிர்வழி என்ற விமான ஆம்புலன்ஸ் கம்பெனி வைத்துக்கொண்டது. மதுரையில் இருந்து சின்ன விமானங்களில் போய், தொலைதூர ஊர்களில் இருந்து நோயாளிகளைத் தூக்கி வருகிறவர்கள். விமானம் கிளம்புவதற்கு முன், அதே பயணத்தைக் கொண்டலின் வானத்தில், நாற்பது நிமிடம் கழித்து வரப்போகிற காற்றில், கணினி ஒருமுறை பறந்து பார்க்கும். அதற்கு முன்பறப்பு என்று பெயர். முன்பறப்பு பத்திரமாக இறங்கினால் நிஜ விமானம் கிளம்பும். இல்லாவிட்டால் நோயாளி ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும்.

அந்தக் கொண்டல் வானம் எல்லாருக்கும் பொது. அதனால் வீட்டில் பறக்கிற பொழுதுபோக்குக்காரர்களின் திரையிலும் உயிர்வழியின் முன்பறப்பு சிவப்புப் புள்ளியாகத் தெரியும். ரோட்டில் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குகிற மாதிரி இவர்களும் ஒதுங்கி, தங்கள் கைப்பேசிக் குழுவில் 'வழி விட்டாச்சு' என்று போடுவார்கள். இல்லாத வானத்தில் இல்லாத விமானத்துக்கு வழி விடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். அதில் ஒரு மரியாதை இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சகாயராணி பறப்பதோடு நிற்கிறவள் இல்லை. சீனரி செய்கிறவள். சிமுலேட்டரை வாங்கும்போது பெரிய விமான நிலையங்கள்தான் ஒழுங்காக வரும். சின்ன ஓடுபாதைகள் பச்சைப் பாயில் இழுத்த கறுப்புக் கோடு மாதிரிக் கிடக்கும். அங்கே உள்ள கிணறு, கொட்டகை, கோயில், மரம் எல்லாவற்றையும் வரைந்து சேர்க்கிறவர்களில் அவள் பெயர் பெற்றவள். இருபத்தொரு ஓடுபாதைகள் செய்திருந்தாள். ஒன்றுக்குக்கூட நேரில் போனதில்லை. செயற்கைக்கோள் படமும், யாரோ எடுத்த காதுகுத்து வீடியோவும் அவளுக்குப் போதும்.

சீனரி செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைச் சிங்காரித்து முடித்ததும் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைக்கிற மாதிரி, ஒவ்வொரு சீனரியிலும் நிஜத்தில் இல்லாத ஒன்றை வைப்பார்கள். ஒரு பொய்க் கிணறு, ஒரு பொய்ப் பெட்டிக்கடை. யாராவது அதைத் திருடித் தன் பெயரில் போட்டால், 'இந்தக் கிணறு எங்கடா இருக்கு?' என்று மடக்கலாம். அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்றே பெயர் வைத்திருந்தார்கள். எது பொட்டு என்று செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டின புருஷனிடமும் சொல்லக் கூடாது.

ராமநாதபுரத்துக் கடலோரத்தில் உப்பங்காடு என்று ஒரு ஊர். அங்கே உப்பளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடுபாதை. ஆறு வருடத்துக்கு முன்னால் அதைச் செய்தபோது, ஓடுபாதைக்கு மேற்கே ஒரு சவுக்குத் தோப்பை சகாயராணி பொட்டாக வைத்தாள். அந்தப் பக்கத்தில் சவுக்கைக் கண்டு யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வரிசை வரிசையாக நகல் எடுத்து ஒட்டும்போது தென்கோடியில் ஒரு வீட்டு மனை அளவுக்கு இடம் விட்டுப்போனது. அதைக் கவனித்தாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டாள். அந்தக் காலத்தில் கொண்டலுக்கு மரம் என்றால் வெறும் பச்சைச் சாயம்தான்.

அடுத்த வருடம் உயிர்வழி கம்பெனி அந்தச் சீனரியைக் கேட்டு வாங்கியது. கூடவே ஒரு படிவம் அனுப்பினார்கள். 'இதில் காட்டியிருப்பவை அனைத்தும் நிலத்தில் உள்ளது உள்ளபடியே' என்று ஒரு வரி. கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. பொட்டைக் காட்டிக் கொடுத்தால் குழுவில் யார் முகத்திலும் முழிக்க முடியாது. ஒரு தோப்பு யாரை என்ன செய்துவிடும் என்று போட்டுவிட்டாள்.

ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று மதியம் மாடியில் இருந்த பிளாஸ்டிக் வாளி நாலு வீடு தள்ளிப் போய் விழுந்தது. வெள்ளிக்கிழமைதான் கொண்டலுக்குப் புது அப்டேட் வந்திருந்தது. இந்தக் காற்றில் உப்பங்காடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு சகாயராணி வடக்கே இருந்து இறங்கினாள். மேற்கே இருந்து அடித்த காற்று கைப்பிடியைப் பிடுங்கியது. இடது காலைப் பஸ் பெடலில் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். தரைக்கு நூறு அடி இருக்கும்போது காற்று போன இடம் தெரியவில்லை. விமானம் பூனை மாதிரி உட்கார்ந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்," என்று கூப்பிட்டாள்.

செங்கோல் ஈரத் துண்டோடு வந்தான். இன்னொரு முறை ஏறி இறங்கிக் காட்டினாள். மறுபடியும் அதே இடத்தில் அதே அமைதி.

"இதுல என்ன அதிசயம்? அந்தா மரம் நிக்குதுல்ல, அது மறைக்குது. நம்ம டிப்போவுல மதில் ஓரமா நின்னா காத்தே தெரியாது. அந்தக் கணக்குத்தான்."

சகாயராணி பார்வையை மேற்கே திருப்பினாள். திரையில் சவுக்குத் தோப்பு ஆடிக்கொண்டிருந்தது. முன்பு அது ஆடாது. ஒவ்வொரு மரமும் தனித்தனியாக வளைந்து காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. புது அப்டேட்டில் கொண்டல் மரங்களையும் கணக்கில் எடுக்கத் தொடங்கிவிட்டது.

கைப்பேசியை எடுத்துக் குழுவைத் திறந்தாள். நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி கிடந்தது. 'உயிர்வழி முன்பறப்பு, மதுரை-உப்பங்காடு, இறங்கியாச்சு. விமானம் கிளம்புது. சங்கு குளிக்கப் போன ஆளாம். வேண்டிக்கங்க.' அதற்குக் கீழே முப்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். இப்போது மணி நாலு பதினேழு.

"அந்த மரம் அங்க கெடையாதுங்க," என்றாள்.

"எந்த மரம்?"

"அந்தத் தோப்பு. நான் பொய்யா வச்சது. அத நம்பி ஒரு விமானம் போயிட்டு இருக்கு."

செங்கோலுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. பிரேக் இல்லாத பஸ்ஸைப் பற்றிக் கேட்ட முகத்தோடு, "எத்தன மணிக்கு இறங்கும்?" என்று கேட்டான்.

"நாலு முப்பத்தஞ்சு வாக்குல."

"அப்பறம் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? போனப் போடு."

அவனுக்கென்ன, சொல்லிவிடலாம். படிவத்தில் இருப்பது அவன் கையெழுத்து இல்லை. ஐந்து வருடப் பொய், அதுவும் ஆஸ்பத்திரிச் சமாசாரத்தில். வேலை போகலாம், வழக்கு வரலாம். குழுவில் காறித் துப்புவார்கள். எண்ணைத் தேடி எடுத்துவிட்டு அவள் கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. ஒரு நிமிடம் அப்படிப் போனது. செங்கோல் கைப்பேசியை அவள் கையில் இருந்து வாங்கித் தானே அழுத்தி, ஒலியைப் பெரிதாக்கி மேசை மேல் வைத்தான்.

"உயிர்வழி, மெய்யம்மை பேசறேன்."

"மேடம், நான் திண்டுக்கல்ல இருந்து சகாயராணி. உப்பங்காடு சீனரி செஞ்சது நான்தான். ஒங்க விமானம் அங்க போயிட்டு இருக்குல்ல? அத இறக்காதீங்க."

குரலை உயர்த்தாமல் மெய்யம்மை கேட்டாள். "காரணத்தச் சொல்லுங்க."

"முன்பறப்பு நல்லா இறங்குனதுக்கு ஒரு சவுக்குத் தோப்புதான் காரணம். அது காத்தத் தடுக்குது. அந்தத் தோப்பு நெசத்துல இல்ல. திருட்டக் கண்டுபிடிக்கறதுக்காக நாங்க இப்பிடி ஒண்ணப் பொய்யா வைப்போம்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "நீங்க கையெழுத்துப் போட்ட பாரம் என் முன்னாடி இருக்கும்மா. உள்ளது உள்ளபடின்னு எழுதியிருக்கு."

"அந்தக் கையெழுத்தே பொய் மேடம்."

சொன்ன பிறகு சகாயராணிக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. மெய்யம்மை அவளைத் திட்டவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போன வாரம் வரைக்கும் இந்த மாதிரிக் காத்துக்கு முன்பறப்பு ஆகாதுன்னுதான் சொல்லும். இன்னிக்கு ஆகும்னுச்சு. நாங்களும் சந்தோசப்பட்டு அனுப்பிட்டோம். தோப்பு இல்லைன்னா என்ன ஆகும்னு ஒங்களால பாக்க முடியுமா?"

சகாயராணியின் கை ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தோப்பை அழித்தாள். மறுபடி வடக்கே இருந்து இறங்கினாள். நூறு அடியில் காற்று நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் உப்பளத்தில் தலைகுப்புறப் போட்டது. இன்னொரு தடவை முயன்றாள். உப்பளம்தான்.

"பக்கக் காத்து இருபத்தெட்டு நாட் அடிக்குது மேடம். ஒங்க விமானம் எவ்வளவு தாங்கும்?"

"இருபது. உள்ள மூணு பேர் இருக்காங்க. விமானி, டாக்டர், ஒரு நர்ஸ்." மெய்யம்மை நிறுத்தாமல் தொடர்ந்தாள். "கீழ காத்திருக்கவரு பேரு பூமிநாதன், இருபத்தொம்பது வயசு. ரொம்ப ஆழத்துல இருந்து சடார்னு மேல வந்துட்டாராம். ரத்தத்துல காத்துக் குமிழி கட்டிருச்சு. மதுரையில அழுத்த அறை தயாரா இருக்கு. சீக்கிரம் உள்ள வச்சா எந்திரிச்சு நடந்துருவாரு. ரோட்டுல வந்தா மூன்றரை மணி நேரம். அதனால சும்மா திருப்ப முடியாதும்மா. தோப்பு இல்லவே இல்லைன்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நான் வச்சதுதான மேடம்."

"நேர்ல போய்ப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. நீங்க?"

"வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆச்சு. திரையில பாத்ததோட சரி. அங்க தெனம் போற விமானி காய்ச்சல்ல லீவு, போனும் அணைச்சுக் கெடக்கு. இன்னிக்குப் போயிருக்கவரு போபால்ல இருந்து வந்தவரு, உப்பங்காட்டுக்கு இதான் முதல் தடவை."

அந்த ஓடுபாதையின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரில் ஒருத்தியின் செருப்பிலும் அந்த ஊர் மண் ஒட்டியதில்லை.

இருவரும் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார்கள். எல்லையோரக் கடற்கரை என்பதால் புதுப் படம் பொதுமக்களுக்குக் கிடையாது. இருந்தது ஐந்து வருடத்துக்கு முந்தையது. அதில் ஓடுபாதைக்கு மேற்கே வெறும் பொட்டல். மணி நாலு இருபத்தைந்து.

"விமானியவே மேல இருந்து பாக்கச் சொன்னா என்ன?" என்று செங்கோல் குனிந்து கேட்டான்.

"ஆடிப் புழுதியில கிட்டப் போனாத்தான் தெரியும் சார். கிட்டப் போயிட்டா கீழ ஆளுங்க கையக் காட்டுவாங்க, அழுவாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு விமானி அப்பிடித்தான் மனசு கேக்காம இறங்கிச் செத்துப் போனாரு. அதுல இருந்து ஒரு விதி வச்சிருக்காங்க. தரையில இருந்து திரும்புன்னா ஏன்னு கேக்காமத் திரும்பணும். நாங்களும் காரணம் சொல்லக் கூடாது. சொன்னா அவங்க வாதாடுவாங்க."

ஓடுபாதைக்கு உடையப்பன் என்று ஒரு காவலாளி உண்டு. மெய்யம்மை அவரை இணைப்பில் இழுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது காற்றின் இரைச்சல்தான் முதலில் வந்தது.

"அம்மா, ஆளத் தூக்கிட்டு வந்துட்டோம். ரோட்டு மொனையில நிக்கிறோம். காத்து பேயா அடிக்குதும்மா, நிக்க முடியல. வண்டி எப்ப..."

"ஐயா, ஓடுபாதைக்கு மேக்க..." என்று சகாயராணி தொடங்குவதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டாள் மெய்யம்மை. எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

மணி நாலு இருபத்தொன்பது. கொண்டலின் வானத்தில் நிஜ விமானம் வெள்ளைப் புள்ளியாக உப்பங்காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த மூன்று பேரில் ஒருவர் பெயரும் சகாயராணிக்குத் தெரியாது. சேசுவே, சேசுவே என்று வாய் முணுமுணுத்தது.

"சொல்லுங்கம்மா," என்றாள் மெய்யம்மை. "ஒங்க வார்த்தைய வச்சுத்தான் செய்யப் போறேன். தோப்பு இருக்கா, இல்லையா?"

"இல்ல. திருப்பிருங்க."

மைக்கை அழுத்துகிற சத்தம் கேட்டது. உப்பங்காட்டில் இறங்க வேண்டாம், திரும்புங்கள் என்று மெய்யம்மை ஆங்கிலத்தில் சொன்னாள். விமானி ஏன் என்று கேட்கவில்லை. திரும்புகிறேன் என்றார். திரையில் வெள்ளைப் புள்ளி மெல்ல வளைந்து வந்த வழியே போனது. சகாயராணி கிளட்ச் பெடலில் இருந்து காலை எடுக்க மறந்து, மேசையில் தலையை வைத்து அழுதாள். செங்கோல் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தான்.

திங்கட்கிழமை மெய்யம்மையே கூப்பிட்டாள்.

"அவர ரோட்டு வழியாக் கொண்டுவந்து சேக்க ராத்திரி ஒம்போது ஆயிருச்சும்மா. உயிருக்குப் பயம் இல்ல. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி வரலையாம்." "ஆனா மூணு பேர் பொழச்சாங்க. நீங்க சொல்லலைன்னா இன்னிக்கு நான் மூணு வீட்டுக்குப் போய் நின்னிருக்கணும். கம்பெனி ஒங்க மேல நடவடிக்கை எடுக்கறதா இல்ல. நேர்ல ஒரு தடவ எல்லாத்தையும் சரிபாத்துக் குடுங்க, போதும்."

குழுவிலும் யாரும் காறித் துப்பவில்லை. பொட்டைத் தானே முன்வந்து சொன்னவள் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூன்று உயிர் என்று நினைத்தால் நெஞ்சு நிமிரும். இரண்டு கால் என்று நினைத்தால் சோறு இறங்காது. இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் அல்லாடிவிட்டு, புதன்கிழமை லீவு போட்டு, முப்பது மீட்டர் அளவு டேப் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு செங்கோலோடு பஸ் ஏறினாள். இனிமேல் காலால் மிதிக்காத எதையும் வரைவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

உப்பங்காட்டு ரோட்டு முனையில் இறங்கும்போது காற்று சேலையைப் பிடுங்கியது. மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, திரையில் நாலாயிரம் தடவை பார்த்த வழியில் நடந்தாள். கொட்டகை அவள் வரைந்த இடத்தில் இருந்தது. கிணறு இருந்தது. கொட்டகையைத் தாண்டியதும் முந்தானை முகத்தில் இருந்து நழுவித் தோளில் தொங்கியது. ஆடவில்லை.

காற்று நின்றிருந்தது.

முதலில் சத்தம்தான் கேட்டது. தூரத்துக் கடல் மாதிரி, ஆனால் கடல் கிழக்கே இருக்க, இந்தச் சத்தம் மேற்கே இருந்து வந்தது. சகாயராணிக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. செங்கோல்தான் பார்த்தான். பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வரிசை வரிசையாகச் சவுக்கு. பத்து ஆள் உயரம். அவள் வைத்த அதே இடத்தில், அதே நீளத்துக்கு. அவள் கால்கள் தானாகத் தென்கோடிக்கு நடந்தன. அங்கே ஒரு வீட்டு மனை அளவுக்கு ஒரு மரம்கூட இல்லை. அந்த இடைவெளி வழியாக மட்டும் காற்று கிழித்துக்கொண்டு வந்தது. அளவு டேப்பைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை அவள்.

உடையப்பன் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சகஜமானார்.

"இதுவா தாயி? இது வச்சு நாலு வருசத்துக்கு மேல ஆகுது. அப்பெல்லாம் ஆடி மாசம் வண்டி எறங்கவே ஏலாது. கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினியரு தம்பி வந்துச்சு. படத்துல இந்த எடத்துல தோப்பு இருக்கு, ஊருக்காரங்க வெட்டி வித்துட்டாங்க போல, அதான் காத்து அடிக்குதுன்னுச்சு. சவுக்குன்னா வெட்டத்தான செய்வாக, நாங்களும் இருக்கும்னு நெனச்சோம். படத்த வச்சு அளந்து, குழி எண்ணி, அச்சு அசலா நட்டாக."

"அந்த இன்ஜினியர் இப்ப எங்க இருக்காரு?"

"வெளிநாடு போயிருச்சு. போகையில, இது பெருசானா ஆடியிலயும் வண்டி வரும்னு சொல்லிட்டுப் போச்சு. அது சொன்ன மாதிரியே இருக்கு பாருங்க, எலை அசையல. அன்னைக்கு வண்டி ஏன் திரும்புச்சுன்னுதான் எங்களுக்கு வெளங்கல. பூமிநாதனக் கட்டில்ல போட்டுத் தூக்கிக்கிட்டு, சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு நின்னோம். அப்பறம் கேக்கல." உடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தார். புழுதிக்காகவும் இருக்கலாம். "கொடுமையப் பாருங்க, இந்தக் கன்னு அம்புட்டுக்கும் மொத ரெண்டு வருசம் தண்ணி ஊத்துனவனே அவன்தான். கடலுக்குப் போகாத நாள்ல கூலிக்கு வருவான்."

சகாயராணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்ன பொய்யை இந்த ஊர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி உண்மையாக்கி வைத்திருந்தது. அது தெரியாமல் அவள் உண்மையைச் சொல்லப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் மதுரையில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் செங்கோல், "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று அவள் தனியாகவே உள்ளே போனாள்.

பூமிநாதன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அகன்ற மார்பு, உப்பில் வெளுத்த தலைமுடி. அவன் மனைவி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். சகாயராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு, கையெழுத்து, தொலைபேசி, திருப்பிருங்க என்று தான் சொன்னது. எதையும் குறைக்கவில்லை. மனைவியின் கை உரிப்பதை நிறுத்தியது.

"அந்தப் படம் நீங்க போட்டதா?" என்று பூமிநாதன் கேட்டான்.

"ஆமாப்பா."

"அப்ப ஒண்ணு கேக்கணும்க்கா. ரொம்ப நாளா யார்ட்டயாச்சும் கேக்கணும்னு இருந்தேன். தென்கோடியில கொஞ்ச எடத்துல மட்டும் நடக் கூடாது, மிதிக்கவும் கூடாதுன்னாரு அந்த இன்ஜினியரு. படத்துல இல்ல, போட்டவுக ஏதோ கணக்கு வச்சுத்தான் விட்டுருப்பாகன்னாரு. என்ன கணக்குக்கா அது?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"கணக்கு ஒண்ணும் இல்லப்பா. போடும்போது கை தவறி விட்டுப்போச்சு. யாரு பாக்கப் போறாங்கன்னு அப்பிடியே விட்டுட்டேன்."

பூமிநாதன் போர்வைக்கு மேலே, தன் கால்கள் நீண்டு கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வருசம்," என்றான். "அந்த எடத்துல கால் பட்டுரக் கூடாதேன்னு, குடத்தத் தூக்கிக்கிட்டு அதச் சுத்திச் சுத்தியே நடந்தேன்."